தலைவலி ஒப்பந்தங்கள்: ஐஸ் ஹாக்கி அணிகள் அவற்றை எங்கே கொண்டுபோய்த் தள்ளுகின்றன?

2015 நவம்பரில் கிறிஸ் புரோங்கர் என்ற தடுப்பாட்டக்காரரை ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்துக் கௌரவித்தார்கள். அவர் கடைசியாகப் பனிக்களத்தில் இறங்கியது 2011இல். கண்ணில் மட்டை பட்ட காயம், அப்புறம் தலையில் அடி, அதோடு ஆட்டம் முடிந்துவிட்டது. 2014லிருந்து லீக் அலுவலகத்திலேயே, ஆட்டக்காரர் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் ஹால் ஆஃப் ஃபேமில் நுழைந்த அன்று, தாளின்படி அவர் அரிசோனா கயோட்டீஸ் அணியின் ஒப்பந்த ஆட்டக்காரர். அந்த அணிக்காக அவர் ஒரு நிமிடம்கூட ஆடியதில்லை, ஆடப்போவதும் இல்லை, இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் அரிசோனா அந்த ஒப்பந்தத்தைப் பிலடெல்பியாவிடமிருந்து வாங்கியது.

என்ன கூத்து இது என்று தோன்றினால், சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள். வட அமெரிக்காவின் என்.எச்.எல். ஐஸ் ஹாக்கி லீக்கில் (புல்தரை ஹாக்கி அல்ல) ஒரு அணி அதிகச் சம்பளத்துக்கு ஒருவரை எடுத்து, அவர் சரியாக ஆடாமல் போனாலோ அடிபட்டு உட்கார்ந்துவிட்டாலோ அந்தச் சுமையை எப்படிச் சமாளிக்கிறது என்பதுதான் விஷயம். டொராண்டோ பக்கம் இருக்கும் நம் ஆட்கள் தங்கள் ஊர் அணியான மேப்பிள் லீஃப்ஸைத் திட்டும்போது பாதி நேரம் இதைப் பற்றித்தான் திட்டிக்கொண்டிருப்பார்கள், ஆனால் வெளியிலிருந்து கேட்பவருக்கு ஒன்றும் புரியாது.

முதலில் அடிப்படை. 2004-05இல் அணி முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் சண்டை முற்றி ஒரு சீசன் முழுவதுமே ரத்தானது. அந்தச் சண்டையிலிருந்து பிறந்ததுதான் சம்பள உச்சவரம்பு. பேச்சுவழக்கில் வெறும் 'கேப்'. 2005-06இல் ஓர் அணி தன் ஆட்டக்காரர்களுக்குச் செலவழிக்கக்கூடிய உச்சத் தொகை 39 மில்லியன் டாலர். 2025-26இல் அது 95.5 மில்லியன். இது கறாரான வரம்பு. கூடுதலாகச் செலவழித்துவிட்டு அபராதம் கட்டித் தப்பிக்கும் வசதி இங்கே இல்லை. மேலே வரம்பு இருப்பதுபோல் கீழேயும் ஒன்று உண்டு: 2025-26இல் எந்த அணியும் 70.6 மில்லியனுக்குக் குறைவான கணக்கோடு இருக்க முடியாது. இந்தக் கீழ்வரம்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அரிசோனா கதைக்கு அது வேண்டும்.

ஐபிஎல் பார்ப்பவர்களுக்கு அணியின் பர்ஸ் தெரியும். 2025 மெகா ஏலத்துக்கு ஓர் அணிக்கு 120 கோடி ரூபாய். அங்கே ஓர் ஆட்டக்காரர் சொதப்பினால் அடுத்த ஏலத்துக்கு முன் விடுவித்துவிடலாம். அவருடைய தொகை பர்ஸுக்குத் திரும்பி வந்துவிடும். என்.எச்.எல்.லில் அப்படி வராது. ஒப்பந்தங்கள் ஏழு, எட்டு வருடம் வரை ஓடும், கையெழுத்திட்ட பணம் கிட்டத்தட்ட முழு உத்தரவாதம். ஃபார்ம் போய்விட்டது, வேண்டாம், கிளம்பு என்று சொல்ல வழியில்லை. எல்லாச் சிக்கலும் இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

இன்னொன்றும் புரிந்தாக வேண்டும். ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று, அந்த வருடம் ஆட்டக்காரர் கையில் உண்மையில் வாங்கும் பணம். இன்னொன்று 'கேப் ஹிட்', அதாவது மொத்தத் தொகையை வருடங்களால் வகுத்து வரும் சராசரி. வரம்புக் கணக்கில் ஏறுவது இதுதான். முதல் வருடம் 10 மில்லியன், கடைசி வருடம் 1 மில்லியன் என்று சம்பளம் இருந்தாலும் கேப் ஹிட் எல்லா வருடமும் ஒன்றே. ஆக ஒவ்வோர் அணியும் இரண்டு கணக்கு நோட்டு வைத்திருக்கிறது என்று சொல்லலாம், பண நோட்டு ஒன்று, கேப் நோட்டு ஒன்று. சில அணிகளிடம் பணம் கொட்டிக் கிடக்கும், கேப் இடம் இருக்காது. சில அணிகளிடம் இடம் இருக்கும், பணம் இருக்காது. இந்த லீக்கில் நடக்கும் விநோதமான ட்ரேடுகளில் (அணிகள் ஆட்டக்காரர்களைக் கைமாற்றிக்கொள்ளும் பேரங்களில்) பெரும்பாலானவை இந்த வித்தியாசத்தை வைத்து நடக்கும் வியாபாரம்.

மோசமான ஒப்பந்தம் எப்படி உருவாகிறது என்பதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. ஜூலை 1ஆம் தேதி சந்தை திறக்கும், பல அணிகள் ஒரே ஆளைத் துரத்தும், ஒருவர் கூடுதலாக ஒரு வருடம் தருவார், இன்னொருவர் அதற்கு மேல் ஒரு வருடம். ஆள் இதுவரை செய்ததற்குக் காசு தருகிறார்கள், இனி செய்யப்போவதற்கு அல்ல. சிகாகோவின் பிரையன் பிக்கெல் 2013 பிளேஆஃபில் 23 ஆட்டத்தில் 17 புள்ளி (போட்ட கோலும் கோலுக்குக் கொடுத்த உதவியும் சேர்த்து) எடுத்தார், அணி லீக்கின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பையை வென்றது, உடனே நான்கு வருடம், 16 மில்லியன். அதன் பிறகு ஆட்டம் மங்கியது. அவருக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் இருப்பது 2016 நவம்பரில்தான் தெரியவந்தது. 'சோம்பேறி, காசு வந்ததும் உழைப்பதில்லை' என்று ரசிகர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். மோசமான ஒப்பந்தம் என்பது மோசமான ஆள் என்று அர்த்தமில்லை.

சரி, சுமை வந்துவிட்டது. என்ன செய்வது?

பைஅவுட்: கொஞ்சம் பணத்தை வெட்டி, காலத்தை நீட்டுவது

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். விதி இப்படி: மீதமிருக்கும் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் கொடுத்து (ஆட்டக்காரர் 26 வயதுக்குக் கீழ் என்றால் மூன்றில் ஒரு பங்கு) ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தத் தொகை, மீதமிருக்கும் வருடங்களைப்போல் இரண்டு மடங்கு காலத்துக்குப் பரப்பப்படும். உதாரணமாக, மூன்று வருடம், வருடத்துக்கு 6 மில்லியன் பாக்கி என்று வையுங்கள். மொத்தம் 18. அதில் மூன்றில் இரண்டு, 12. ஆறு வருடத்துக்கு வருடம் 2 மில்லியன். முதல் மூன்று வருடம் கணக்கில் 6க்குப் பதில் 2, லாபம். அடுத்த மூன்று வருடம் அந்த ஆளே இல்லாமல் 2, நஷ்டம். பெரிய தவணையைக் கட்ட முடியாமல் வங்கியில் போய்ச் சின்னத் தவணையாக நீட்டி வாங்கிக்கொண்டு வருவது போலத்தான்.

இந்தக் கணக்கு வருடாவருடம் ஒரே சம்பளம் இருந்தால் மட்டும் இவ்வளவு அழகாக வரும். இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கு மினசோட்டா வைல்டு அணியைப் பாருங்கள், இதைவிடச் சிறந்த பாடம் கிடைக்காது.

2012 ஜூலை 4. ஸாக் பரீஸே, ரையன் சூட்டர் என்ற இரண்டு நட்சத்திரங்களை ஒரே நாளில், ஒரே மாதிரி ஒப்பந்தத்தில் மினசோட்டா எடுத்தது: ஆளுக்கு 13 வருடம், 98 மில்லியன். கேப் ஹிட் சுமார் 7.54 மில்லியன். சம்பளத்தை முன்பக்கம் குவித்திருந்தார்கள். கடைசி வருடங்களில் 2 மில்லியன், 1 மில்லியன், 1 மில்லியன் என்று தேய்ந்துவிடும். 2021 ஜூலையில், நான்கு வருடம் மீதமிருக்கும்போது, இருவரையும் பைஅவுட் செய்தார்கள். பணமாகப் பார்த்தால் மலிவு: ஆளுக்குச் சுமார் 6.67 மில்லியன், எட்டு வருடத்தில், வருடம் 8 லட்சத்துச் சொச்சம் டாலர். ஆனால் கேப் நோட்டில் கழிவது, பைஅவுட்டால் அந்த வருடம் மிச்சமாகும் சம்பளம் மட்டும்தான். சம்பளமே 1 மில்லியன் என்றால் அதில் என்ன பெரிதாக மிச்சம் வரும்? 7.54 மில்லியன் கேப் ஹிட்டில் ஒன்றே முக்கால் லட்சம் டாலர்கூடக் குறையவில்லை. விளைவு, இருவருக்கும் சேர்த்து 2021-22இல் 4.7 மில்லியன், அடுத்த வருடம் 12.7, அதற்கடுத்த இரண்டு வருடமும் 14.7 மில்லியன். அப்போது வரம்பே 83.5, பிறகு 88. அதாவது ஆறில் ஒரு பங்கு, அணியில் இல்லாத இரண்டு பேருக்கு. மற்றவர்கள் ஆறு ரூபாயில் கட்டும் அணியை மினசோட்டா ஐந்து ரூபாயில் கட்டியது. 2024இல் பிளேஆஃபுக்கே போகவில்லை.

அப்படியானால் ஏன் செய்தார்கள்? முட்டாள்தனம் என்று நான் சொல்லமாட்டேன். சியாட்டல் புதிய அணிக்காக விரிவாக்க டிராஃப்ட் வரவிருந்தது, அதாவது புதிய அணி மற்ற அணிகளிலிருந்து ஆட்களை எடுத்துக்கொள்ளும்; ஒவ்வோர் அணியும் ஒரு சிலரை மட்டும் பட்டியல் போட்டுக் காக்கலாம். இந்த இருவருக்கும் எங்கும் அனுப்பக்கூடாது என்ற பாதுகாப்பு விதி ஒப்பந்தத்தில் இருந்ததால், காக்க வேண்டிய பட்டியலில் இரண்டு இடத்தை அவர்கள் பிடித்துக்கொள்வார்கள். அதைவிடப் பெரிய பயம் 'ரீகேப்சர்' என்ற தண்டனை, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். தவிர, வலி முடியும் தேதி தெரிந்திருந்தது. 2025 கோடையில் அந்தப் பெரிய எண் வெறும் 1.7 மில்லியனாகச் சுருங்கியது (அது 2028-29 வரை ஓடும்), அந்த வருடம் செப்டம்பரிலேயே கிரில் கப்ரிஸாவுக்கு எட்டு வருடம், 136 மில்லியன் என்று கையெழுத்திட்டார்கள்.

வான்கூவரின் கதை இன்னும் எரிச்சலானது. 2023இல் ஆலிவர் எக்மன்-லார்சனைப் பைஅவுட் செய்தார்கள். முதல் வருடம் கணக்கில் ஒன்றரை லட்சம் டாலர்கூட ஏறவில்லை, ஆஹா என்றிருந்தது. பிறகு 2.35 மில்லியன், பிறகு இரண்டு வருடம் தலா 4.77 மில்லியன், அதன் பிறகு 2031 வரை வருடம் 2.13 மில்லியன். அவரோ 2.25 மில்லியனுக்கு ஃபுளோரிடாவில் சேர்ந்து 2024இல் ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார். ஆள் முடிந்துபோகவில்லை, விலைதான் தவறு. பைஅவுட் செய்யும் அணி ஒவ்வொன்றும் இதைச் சந்திக்க வாய்ப்புண்டு: நீங்கள் வெளியே தள்ளும் ஆள் நியாயமான சம்பளத்தில் இன்னொரு அணிக்கு அருமையாக உதவுவார்.

பைஅவுட்டே வேலை செய்யாத ஒப்பந்தங்களும் உண்டு. கையெழுத்துப் போனஸாகத் தரும் பணத்தைப் பைஅவுட் தொடாது, அது முழுதாகப் போயே தீரும். விவரமான ஏஜென்ட்டுகள் அதனால்தான் சம்பளத்தைக் குறைத்து போனஸைக் கூட்டுகிறார்கள். 35 வயதுக்குப் பிறகு போடும் பல வருட ஒப்பந்தங்களும் இப்படித்தான். பைஅவுட் செய்தாலும் கேப் ஹிட் பெரும்பாலும் அப்படியே நிற்கும்.

2013, 2014 கோடைகளில் மட்டும் லீக் ஒரு பாவமன்னிப்புக் கொடுத்தது: அணிக்கு இரண்டு பைஅவுட், கேப் நோட்டில் ஒரு பைசா ஏறாது, பணம் மட்டும் முதலாளி கையிலிருந்து. நியூயார்க் ஐலண்டர்ஸ் அணி 2006இல் ரிக் டிபியட்ரோ என்ற கோல்கீப்பருக்குப் போட்ட 15 வருட ஒப்பந்தம் அப்படித்தான் முடிந்தது. 2013லிருந்து 2029 வரை பதினாறு வருடம், வருடம் 1.5 மில்லியன் டாலர் அவர் வீட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. அந்தச் சலுகை திரும்ப வரவில்லை.

அடுத்தவர் தலையில் கட்டுவது

பைஅவுட்டில் சுமை காலத்துக்குள் நகர்கிறது. ட்ரேடில் இடம் மாறுகிறது. ஆனால் சும்மா யாரும் வாங்கமாட்டார்கள், கூடவே இனிப்பு வைக்க வேண்டும். இந்த லீக்கில் இனிப்பு என்றால் பெரும்பாலும் டிராஃப்ட் பிக், அதாவது இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையில் உங்கள் இடம்.

2019 ஜூனில் டொராண்டோவுக்கு இடம் தேவைப்பட்டது. பேட்ரிக் மார்லோவுக்கு ஒரு வருடம், 6.25 மில்லியன் பாக்கி. 35 தாண்டிய ஒப்பந்தம், பைஅவுட்டால் பயனில்லை. கரோலைனா ஹரிகேன்ஸ் வாங்கிக்கொண்டது, ஆனால் 2020இன் முதல் சுற்று பிக்கைக் கேட்டு வாங்கியது. வாங்கிய கையோடு மார்லோவைப் பைஅவுட் செய்து அனுப்பிவிட்டது. இடம் அவர்களிடம் இருந்தது, அதனால் 6.25 கணக்கில் நின்றது அவர்களை உறுத்தவில்லை. உண்மையில் போன பணம் 4 மில்லியனுக்கும் குறைவு. அந்த பிக் 13ஆவது இடமாக விழுந்தது. அதில் எடுத்தது செத் ஜார்விஸை. இன்று அவர் கரோலைனாவின் முக்கிய முன்னணி ஆட்டக்காரர்களில் ஒருவர்.

கரோலைனாவுக்கு இது முதல் தடவையும் அல்ல. மேலே சொன்ன பிக்கெலைச் சிகாகோ 2016இல் கழற்றிவிட்டபோது இனிப்பாக வைத்தது டேயுவோ டெரவைனன் என்ற இருபத்தோரு வயது ஃபின்லாந்துப் பையனை. ஒரே ஒரு வருடப் பாக்கிக்காக, பல வருடம் ஆடக்கூடிய ஒருவர் கைமாறிப் போனார். இடம் இல்லாத அவசரத்தில் அணிகள் செய்யும் வியாபாரத்தில் இதை மிக மோசமான வகை என்று நினைக்கிறேன், ஏனென்றால் வலி முதல் வருடத்தில் தெரியவே தெரியாது.

மான்ட்ரியால் இன்னும் சாமர்த்தியம். 2022 ஆகஸ்டில் கேல்கரி நாஸெம் காட்ரியை எடுக்க இடம் வேண்டி ஷான் மோனஹனை (6.375 மில்லியன், ஒரு வருடம்) முதல் சுற்று பிக்கோடு சேர்த்து மான்ட்ரியாலுக்குக் கொடுத்தது. பதிலுக்கு வாங்கியது, காகிதத்தில் எழுத ஏதாவது வேண்டுமே என்று எழுதும் 'எதிர்காலப் பரிசீலனை', அதாவது ஒன்றுமில்லை. மோனஹன் மான்ட்ரியாலில் உடம்பு தேறி, அடுத்த கோடையில் குறைந்த சம்பளத்தில் மறுபடி கையெழுத்திட்டு, 2024 பிப்ரவரியில் வின்னிபெக்குக்குப் போனபோது இன்னொரு முதல் சுற்று பிக்கைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரே ஆளால் இரண்டு பிக்.

மோசத்துக்கு மோசம் மாற்றிக்கொள்வதும் உண்டு. 2019இல் எட்மன்டனின் மிலன் லூச்சிச், கேல்கரியின் ஜேம்ஸ் நீல். முந்தைய சீசனில் ஒருவர் 6 கோல், மற்றவர் 7. ஆளுக்குச் சுமார் 6 மில்லியன். லூச்சிச் ஒப்பந்தத்தில் போனஸ் நிறைய, பைஅவுட் பண்ண முடியாது. நீலுக்குப் பண்ண முடியும். அதனால் எட்மன்டன் கொஞ்சம் சம்பளத்தைத் தானே ஏற்றுக்கொண்டு மாற்றிக்கொண்டது, 2021இல் நீலைப் பைஅவுட்டும் செய்தது. தலைவலியைத் தீர்க்கவில்லை, மருந்து கிடைக்கும் தலைவலியாக மாற்றிக்கொண்டார்கள்.

சம்பளத்தை ஏற்றுக்கொள்வது என்றேனே, அதுவும் தனி வழி. 2013 முதல், ஒருவரை அனுப்பும் அணி அவருடைய சம்பளத்திலும் கேப் ஹிட்டிலும் 50 சதவீதம் வரை தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். ஒரே நேரத்தில் மூன்று பேருக்குத்தான் முடியும். 2015இல் டொராண்டோ ஃபில் கெஸ்ஸலைப் பிட்ஸ்பர்க்குக்கு அனுப்பும்போது 8 மில்லியனில் 1.2 மில்லியனைத் தன் கணக்கில் வைத்துக்கொண்டது. 2016, 2017 இரண்டு வருடமும் அவர் பிட்ஸ்பர்க்கில் கோப்பை வென்றார். செலவில் ஒரு பகுதி டொராண்டோ உபயம், 2022 வரை.

ஆடாத ஆட்டக்காரர்களின் சந்தை

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஓர் ஆட்டக்காரர் நீண்ட நாள் காயத்தில் இருந்தால் அவரை எல்.டி.ஐ.ஆர். என்ற நீண்டகாலக் காயப் பட்டியலில் போடலாம். அவருடைய கேப் ஹிட் அழிந்துவிடாது, ஆனால் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு வரம்பைத் தாண்டிச் செலவழிக்க அணிக்கு அனுமதி கிடைக்கும். சம்பளம் மட்டும் கொடுத்தாக வேண்டும், பெரும்பாலும் காப்பீடு அதில் பெரும் பகுதியை ஏற்கும். ஆக, இனி ஆடவே முடியாத ஒருவரின் ஒப்பந்தம் பணக்கார அணிக்குப் பெரிய சுமையே இல்லை. ஏழை அணிக்கு?

2013இல் டொராண்டோ உள்ளூர்ப் பையனான டேவிட் கிளார்க்சனுக்கு ஏழு வருடம், 36.75 மில்லியன் கொடுத்தது. முதல் சீசனில் 60 ஆட்டத்தில் 5 கோல். போனஸ் நிறைந்த ஒப்பந்தம், பைஅவுட் உதவாது. அதே கோடையில் கொலம்பஸ் நேதன் ஹார்ட்டனுக்கு ஏழு வருடம், 37.1 மில்லியன் கொடுத்தது. 36 ஆட்டம் ஆடினார், முதுகெலும்பு ஒத்துழைக்கவில்லை, ஆட்டம் முடிந்தது. அந்த ஒப்பந்தத்துக்குக் காப்பீடும் எடுத்திருக்கவில்லை. ஆடாத ஆளுக்குச் சொந்தக் காசைக் கொட்ட கொலம்பஸுக்கு மனமில்லை; ஆடும் ஆளால் கேப் நோட்டை நிரப்ப டொராண்டோவுக்கு மனமில்லை. 2015 பிப்ரவரியில் இருவரையும் மாற்றிக்கொண்டார்கள். முதல் தடவை கேட்பவருக்கு, மோசமாக ஆடும் ஒருவரைக் கொடுத்துவிட்டு ஆடவே முடியாத ஒருவரை ஏன் வாங்குகிறார்கள் என்று தலை சுற்றும். ஒருவர் பணத்தால் கேப் இடம் வாங்கினார், மற்றவர் கேப் இடத்தைக் கொடுத்துப் பணத்துக்கு ஆள் வாங்கினார், அவ்வளவுதான்.

கதை அங்கே முடியவில்லை. கிளார்க்சனுக்கும் முதுகு போனது. 2017இல் வேகஸ் புதிய அணியாக வந்தபோது கொலம்பஸ் அவரை ஒரு முதல் சுற்று பிக், ஒரு இரண்டாம் சுற்று பிக்கோடு சேர்த்து அங்கே தள்ளியது. தான் காக்க விரும்பிய ஆட்களைத் தொடாமல் இருக்க அதுதான் பேரம். தொடாமல் விட்ட வேகஸ் அதற்குப் பதிலாக எடுத்துக்கொண்டது வில்லியம் கார்ல்சனை. அவர் அடுத்த சீசனிலேயே 43 கோல் போட்டார்! 2019இல் வேகஸுக்கு இடம் தேவைப்பட, கிளார்க்சன் ஒப்பந்தம் மறுபடி எங்கே போனது? டொராண்டோவுக்கே. ஹார்ட்டன் ஒப்பந்தமும் அப்போது அங்கேதான் இருந்தது. ஒருவருக்கு ஒருவர் என்று மாற்றிக்கொள்ளப்பட்ட இரண்டு பேரும் 2019-20இல் ஒரே அணியின் காயப் பட்டியலில் உட்கார்ந்திருந்தார்கள், இருவருக்கும் சேர்த்து 10.55 மில்லியன். அந்த அனுமதியை வைத்துத்தான் மிட்ச் மார்னரின் 10.9 மில்லியன் ஒப்பந்தத்தை டொராண்டோ அந்த வருடக் கணக்குக்குள் நுழைத்தது.

இப்போது அரிசோனா புரியும். அவர்களிடம் பணம் குறைவாக இருந்தது, ஆனால் கீழ்வரம்பைத் தொட்டாக வேண்டியிருந்தது. கேப் ஹிட் பெரிதாகவும் உண்மைச் செலவு சிறிதாகவும் உள்ள ஒப்பந்தம் அவர்களுக்குத் தங்கமாக இருந்தது. புரோங்கர், மரியன் ஹோசா, ஷே வெபர் என்று இனி ஆடாதவர்களின் ஒப்பந்தமெல்லாம் அங்கேதான் போய்ச் சேர்ந்தன. 2016இல் பாவெல் டாட்சியுக் ரஷ்யாவுக்குத் திரும்ப முடிவெடுத்தபோது டெட்ராய்ட்டின் தலையில் 7.5 மில்லியன் நின்றது. அரிசோனா அதை எடுத்துக்கொண்டு, அதற்காக டிராஃப்ட்டில் 20ஆவது இடத்திலிருந்து 16க்கு ஏறியது. அவர் லீக்கை விட்டே போய்விட்டதால் சம்பளமாகக் கொடுத்தது பூஜ்யம்.

எல்.டி.ஐ.ஆர். பற்றிய புகார் வேறு ஒன்று உண்டு. வரம்பு வழக்கமான சீசனில் மட்டும்தான் இருந்தது, பிளேஆஃபில் இல்லை. டாம்பாவின் நிகிடா குச்சரோவ் 2020-21 சீசன் முழுவதும் இடுப்பு அறுவை சிகிச்சை காரணமாக ஆடவில்லை. பிளேஆஃபின் முதல் நாள் வந்து இறங்கினார், 32 புள்ளியோடு எல்லோரையும் முந்தினார், கோப்பையும் வந்தது. கொண்டாட்டத்தில் '18 மில்லியன் வரம்பு தாண்டி' என்று எழுதிய டி-ஷர்ட் வேறு. விதிப்படி தப்பில்லை, அறுவை சிகிச்சையும் உண்மை. ஆனாலும் வேகஸ் அணியும் பின்னாளில் அதே வழியில் நடந்ததால் முணுமுணுப்பு வளர்ந்தது. 2025-26லிருந்து பிளேஆஃபில் அன்றன்று களமிறங்கும் இருபது பேரின் கணக்கும் வரம்புக்குள் இருக்க வேண்டும்.

இந்த லீக்கில் விதிகள் எப்போதும் இப்படித்தான் பிறக்கின்றன, யாரோ ஒருவர் ஓட்டையைக் கண்டுபிடிப்பார், அப்புறம் அடைப்பார்கள். நியூயார்க் ரேஞ்சர்ஸ் 2008இல் வேட் ரெடனுக்கு ஆறு வருடம், 39 மில்லியன் கொடுத்து, இரண்டு வருடத்தில் சலித்துப்போய் கீழ்நிலை லீக்கான ஏ.எச்.எல்.லுக்கு அனுப்பியது. அப்போது கீழே அனுப்பினால் கேப் ஹிட் முழுவதும் மறைந்துவிடும். பணக்கார அணிக்கு மட்டுமே சாத்தியமான இந்த வித்தையை 2013இல் முடக்கினார்கள். இப்போது கீழே அனுப்பினால் கழிவது குறைந்தபட்சச் சம்பளமும் அதோடு 3,75,000 டாலரும் மட்டும். 2025-26 கணக்கில் மொத்தம் 1.15 மில்லியன். 5 மில்லியன் ஆளை அனுப்பினால் 3.85 மில்லியன் மேலேயே நிற்கும்.

முன்பக்கம் சம்பளம் குவித்த நீண்ட ஒப்பந்தங்களும் ஓட்டைதான். வான்கூவர் 2009இல் ராபர்ட்டோ லுவாங்கோ என்ற கோல்கீப்பருக்கு 12 வருடம், 64 மில்லியன் கொடுத்தது; அவருக்கு 43 வயதாகும்வரை ஓடும். கடைசி வருடங்களில் 1 மில்லியன்தான் என்பதால் அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிடுவார், நாம் குறைந்த சராசரியை அனுபவித்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. லீக்கும் ஒப்புக்கொண்டது. 2013இல் ரீகேப்சர் விதி வந்தது: இப்படி அனுபவித்த லாபம், ஆட்டக்காரர் முன்கூட்டி ஓய்வு பெற்றால், மீதமுள்ள வருடங்களில் கேப் நோட்டில் திரும்பி ஏறும். பழைய ஒப்பந்தங்களுக்கும் சேர்த்து. தன் ஒப்பந்தத்தைத் தானே நொந்துகொண்ட லுவாங்கோ 2014இல் ஃபுளோரிடாவுக்குப் போனார், 2019இல் ஓய்வு பெற்றார், அணியை விட்டுப் போய் ஐந்து வருடம் ஆனவருக்காக வான்கூவர் மூன்று சீசனுக்குச் சுமார் 3 மில்லியன் தண்டம் சுமந்தது. அனுமதி கொடுத்துவிட்டுப் பின்தேதியிட்டுத் தண்டித்தது அநியாயம் என்று வான்கூவர் ரசிகர்கள் இன்றும் சொல்வார்கள், எனக்கும் அப்படித்தான் படுகிறது. மினசோட்டா பயந்ததும் இதற்குத்தான்: பரீஸேயோ சூட்டரோ கடைசி வருடத்தில் ஓய்வு பெற்றிருந்தால் மொத்த லாபமும் ஒரே சீசனில் வந்து விழுந்திருக்கும்.

இந்த வித்தையெல்லாம் இன்னும் சூடுபிடித்தது 2020க்குப் பிறகு. தொற்றுக் காலத்தில் வருமானம் சரிந்து வரம்பு 81.5 மில்லியனிலேயே மூன்று சீசன் உறைந்து நின்றது, இடம் பொன்னானது, அதைக் கொடுக்க முடிந்தவர்கள் கொழுத்தார்கள். இப்போது காற்று திரும்பிவிட்டது. 88, 95.5, 2026-27க்கு 104, அதற்கடுத்து 113.5 என்று லீக் முன்கூட்டியே அறிவித்துவிட்டது. 2014இல் 69 மில்லியன் வரம்பில் 7.5 மில்லியன் என்றால் கிட்டத்தட்ட 11 சதவீதம். 104இல் அது 7 சதவீதம்தான். வரம்பு ஏற ஏறப் பழைய தவறுகள் தானாகச் சுருங்குகின்றன, இனிப்பு வைத்துத் தள்ளவேண்டிய அவசரமும் குறைகிறது. 2026 செப்டம்பரில் தொடங்கும் புதிய உடன்படிக்கையில் ஒப்பந்த நீளத்தையும் வெட்டுகிறார்கள்: சொந்த ஆட்டக்காரருக்கு எட்டுக்குப் பதில் ஏழு வருடம், வெளியிலிருந்து வருபவருக்கு ஏழுக்குப் பதில் ஆறு. கடைசி வருடம்தான் எப்போதும் கசக்கும் என்பதால் நல்ல மாற்றம்தான். ஆனால் கையில் புதிதாக எட்டு மில்லியன் இடத்தோடு முப்பத்திரண்டு மேலாளர்கள் ஒரே ஜூலை 1ஆம் தேதி சந்தைக்குள் நுழையும்போது என்ன நடக்கும் என்று ஊகிக்கப் பெரிய அறிவெல்லாம் தேவையில்லை.